அப்பாவின் பென்சிலும் என் பத்து விதிகளும்

1

அப்பா இப்போதெல்லாம் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறார். எடுத்த உடனே, “சொல்லுளா. இன்னைக்கு யாரும் கூப்பிடல. லிங்க் ஒன்னும் வரல. வந்தாலும் தொடமாட்டேன்” என்கிறார். தினமும் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையில் வெளியே விடப்பட்டவர் பேசுவது போலிருக்கும். நான் “சரிப்பா” என்பேன். “வைக்கட்டா?” என்பார்.

நான் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மதிய இடைவேளையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தூத்துக்குடிக்குப் பேசுவது என் வழக்கம். எனக்கு மதியம் என்றால் அங்கே சாயங்காலம் நெருங்கியிருக்கும். முன்பு அப்பா அந்த நேரத்தில் நிறுத்தாமல் பேசுவார். எந்தக் கப்பல் உள்ளே வர இடமில்லாமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, திரேஸ்புரத்தில் சீலா மீன் ஏன் விலை ஏறிவிட்டது, அவர் வேலை பார்த்த, சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சியில் புதிதாக வந்தவனுக்கு ஒரு பில்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லை. நான் “ம்” கொட்டிக்கொண்டு வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது கேட்பதற்கு நான் தயாராக இருக்கிறேன். அவர் சொல்வதில்லை.

போன வாரத்தோடு ஒரு வருடம் முடிந்தது. கஸ்டம்ஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒருவன் எழுபத்தாறு வயது அப்பாவை இரண்டு நாள் வீடியோவின் முன்னால் உட்கார வைத்தான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று அதற்குப் பெயர். பணம் போனது. எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவுக்குப் பிடிக்காது. பணத்தைப் பற்றிய கவலைகூட எனக்கு ஒருவாறு அடங்கிவிட்டது. அடங்காதது வேறொன்று. அந்த இரண்டு நாளும் நான் வழக்கம்போல மதியம் கூப்பிட்டேன். இரண்டு நாளும் அப்பா, “நல்லா இருக்கோம்ளா” என்று சொல்லி வைத்துவிட்டார். நாளைக்கு இன்னொருவன் கூப்பிட்டால் என்னிடம் சொல்வாரா? இதைத்தான் ஒரு வருடமாக, சோதனைக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டும்போதும் டிராம் வண்டிக்குக் காத்திருக்கும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

இது தொடங்கியது ஒரு பார்சலில். உண்மையான பார்சல்.

அம்மா எனக்குச் சீலாக் கருவாடும் இட்லிப் பொடியும் கருப்பட்டியும் கட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒட்டப்படவில்லை என்று இங்கே சுங்க அலுவலகத்தில் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேரில் வந்து திறந்து காட்டுமாறு எனக்குக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் அரசாங்கம் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை, கடிதம்தான் எழுதும். நான் அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு வண்டி மாறி, ஊருக்கு வெளியே உள்ள அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஒரு கத்தியை என்னிடம் நீட்டி, நீங்களே அறுங்கள் என்றார். பெட்டியைத் திறந்ததும் அந்த அறை முழுவதும் எங்கள் ஊர் வாசனை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டு அடி பின்வாங்கினார். பதற்றத்தில் நான் ‘உலர்ந்த மீன்’ என்பதற்குப் பதிலாக ‘செத்த மீன்’ என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன். அதிகாரி முகத்தை மாற்றாமல், “உயிரோடு இருந்தால்தான் எனக்கு வேலை அதிகம்” என்றார்.

இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அவமானமாக இருந்தது. வெளியே வந்து நின்று, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“முப்பத்தெட்டு வருசம் கஸ்டம்ஸ்ல பேப்பர் பாத்தீயளே, ஒரு பார்சலுக்கு லிஸ்ட் ஒட்டணும்னு தெரியாதா? இனிமே எதுவும் அனுப்பாதீங்க. எனக்கு இங்கன வேலை போயிரும்.”

பின்னாலிருந்து அம்மாதான், “நான்தான் கட்டுனேன், அவுகள ஏன் வையுத?” என்றாள்.

சரியாக ஒரு மாதம் கழித்து அந்த அழைப்பு வந்தது. உங்கள் மகளுக்குத் தூத்துக்குடியிலிருந்து போன பார்சலில் தடை செய்யப்பட்ட கடல் அட்டை இருந்தது, மகள்மேல் வழக்கு, அங்கே அவளுடைய வேலையும் குடியிருக்கும் அனுமதியும் போய்விடும் என்று. எங்கள் கடற்கரையில் கடல் அட்டை கடத்திப் பிடிபடுகிற செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். பார்சல் போனதும் உண்மை. ‘வேலை போய்விடும்’ என்பதை நானே என் வாயால் சொல்லியிருந்தேன். மிச்சத்தை அவன் சொன்னால் போதும் என்ற நிலையில்தான் அப்பா இருந்தார்.

3

மோசடிகளைப் பற்றி இப்போது எங்கும் எச்சரிக்கை வாசகங்கள் இருக்கின்றன. போலி ஆவணத்தில் பிழைகள் இருக்கும், பிழைகளைக் கவனியுங்கள் என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். அப்பா கவனித்தார். ஒன்று விடாமல் கவனித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அவர் வேலை செய்த இடத்து நடைமுறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சரக்கு இறங்கிக் கிடக்கும். கஸ்டம்ஸ் அதிகாரியிடமிருந்து ஒரு மெமோ வரும். அதில் ஒரு எண் தப்பாக இருக்கும், அல்லது தேதி. தப்பு என்று திருப்பி அனுப்பினால் அதிகாரிக்குக் கோபம் வரும், சரக்கு இன்னும் பத்து நாள் கிடங்கில் கிடக்கும், வாடகை ஏறும். அதனால் ஏஜென்சி கிளார்க் என்ன செய்வார் என்றால், தப்புக்குப் பக்கத்தில் ஓரமாக, மெல்லிசாக, பென்சிலால் சரியானதை எழுதி, ‘அய்யா பார்வைக்கு’ என்று போட்டு அனுப்புவார். அதிகாரி அதைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தது போலத் திருத்திக்கொள்வார். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிடலாம், யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. அதிகாரிக்குப் பென்சில், நம்ம ஆளுக்குச் சிவப்பு மை என்பது அந்த ஆபீஸ் வழக்கம். தனக்குக் கீழே வேலை பழகுகிறவர்களின் தாளில்தான் அப்பா சிவப்பு மையைத் தொடுவார். பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அப்படிச் சிவந்து கிடந்தவைதான்.

அந்தப் போலி மெமோ வாட்ஸ்அப்பில் வந்தது. பிறகு நானும் பார்த்தேன். அலுவலகத்தின் பெயரே தப்பு. வெளியே போகும் பார்சலுக்கு உள்ளே வரும் சரக்கின் படிவம். பிடித்த தேதி, அனுப்பிய தேதிக்கு முன்னால். முத்திரை தலைகீழ். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வைத்திருப்பார்கள். அப்பாவுக்கோ, முப்பத்தெட்டு வருடமாக வந்துகொண்டிருந்த மெமோக்களில் இன்னும் ஒன்று வந்திருக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரின்ட் போட்டார். பென்சிலைச் சீவினார். ஏழு இடத்தில் திருத்தி, ‘அய்யா பார்வைக்கு’ என்று எழுதி, படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அந்த ஏழு திருத்தத்தோடும் புது மெமோ வந்தது. கூடவே, “சார், உங்களை மாதிரி அனுபவசாலிகள் இப்போது இல்லை” என்று ஒரு வரி.

“திருத்தத்த ஏத்துக்கிட்டான்ளா” என்று அப்பா பிறகு என்னிடம் சொன்னார். “போலி ஆளுன்னா எதுக்கு ஏத்துக்கிடணும்? அப்பதான் எனக்கு முழுசா நம்பிக்கை வந்துச்சு.”

அந்த இரண்டு நாளும் முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டு, மேசையில் பழைய ஃபைல்களைப் பரப்பி, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து அப்பா உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் மகளை அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்று உத்தரவு. அம்மா கேட்டதற்கு, “ஆபீஸ் வேலை” என்றாராம். பழைய ஏஜென்சியில் ஏதோ சந்தேகம் கேட்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். காபி கொண்டுபோய் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

“எனக்கு என்ன தெரியும்?” என்று அம்மா சொன்னாள். “ரிட்டயர் ஆன பொறவு அப்படி ஒரு தெளிச்சியான மொகத்த நான் பாக்கலளா. மத்தியானம் சோறு போடும்போது பாட்டு முணுமுணுத்தாவ. சரி, மனுசனுக்கு ஒரு சோலி கெடச்சிருக்கேன்னு இருந்துட்டேன்.”

இந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றுவரை கடந்து போக முடியவில்லை. என்மேல் வழக்கு என்று அவர் நடுங்கியதும் உண்மைதான். ஆனால் அந்த நடுக்கத்துக்குள்ளேயே, யாரோ தன்னை ‘சார்’ என்று கூப்பிட்டு வேலை சொல்கிறார்கள் என்ற சந்தோஷமும் இருந்திருக்கிறது. நானும்தான் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பல வருடமாக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. சொல்லியிருக்கிறேன், அதைத் தொடாதீங்க, இதை அமுக்காதீங்க என்று.

பணத்தை அனுப்பிய பிறகு அப்பா அவர்களிடம் முறைப்படி ரசீது கேட்டார். கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அப்போதும் சந்தேகம் வரவில்லை. மெமோவையும் திருத்தத்தையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பீச் ரோட்டில் உள்ள பழைய ஆபீசுக்கு, ரசீது வாங்க யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கப் போனார். இப்போது அங்கே மேனேஜராக இருக்கும் மகாராஜன் அப்பாவிடம் வேலை பழகியவர். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நீங்க இப்படி உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, பதறாதீங்க. அண்ணாச்சி இங்கன எங்கிட்டதான் இருக்காவ” என்றுதான் ஆரம்பித்தார்.

4

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முதலில் புகார். அதற்கென்று இருக்கும் சுருக்க எண் இந்தியாவுக்குள் மட்டும்தான் போகும், இங்கிருந்து இணையாது. மகாராஜன் அப்பாவைக் காவல் நிலையத்துக்கு நேரில் அழைத்துப்போனார். அங்கே இருந்த பெண் காவலர் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்து, “ஐயா, மெதுவா சொல்லுங்க” என்றாராம். நான் மட்டும் பொறுமையில்லாமல் இங்கிருந்தபடியே இணையத்திலும் ஒரு மனு போட முயன்றேன். அது அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியது.

“அப்பா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.”

“யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு இதுல போட்டிருக்கே.”

“நான்தானப்பா.”

“நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். என் குரலைச் சந்தேகப்படும் இடத்துக்கு அப்பா வந்திருந்தார். அம்மா போனை வாங்கி, “ஏளா, நம்ம பழைய வீட்டுக் கெணத்துல என்னத்தப் போட்டு அடி வாங்குன?” என்று கேட்டு, நான் “உங்க வெள்ளிக் கொலுச” என்று சொன்ன பிறகுதான் ஓ.டி.பி. கிடைத்தது. அதற்குள் அது காலாவதியாகிவிட்டது.

பிறகு நான் கட்டுப்பாடுகளைப் போட ஆரம்பித்தேன். வங்கியிலிருந்து வரும் செய்தியெல்லாம் எனக்கும் வரும்படி செய்தேன். அப்பாவின் போனைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் பழக்கமில்லாத எண்கள் வராமல் அடைக்க வைத்தேன். முன்னறையில் ஒரு கேமரா பொருத்த வைத்தேன், அதன் படம் இங்கே என் போனில் தெரியும். கடைசியாக, பெரிய எழுத்தில் பத்து விதிகள் டைப் செய்து அனுப்பி, பிரின்ட் போட்டுப் போன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டச் சொன்னேன். தெரியாத எண்ணை எடுக்கக்கூடாது, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது, வீடியோ அழைப்பு எதுவானாலும் துண்டிக்கவேண்டும், என்னிடம் கேட்காமல் வங்கிக்குப் போகக்கூடாது என்று போகும். பத்தாவது விதி, நடந்ததை வெளியே யாரிடமும் பேசவேண்டாம் என்பது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் எனக்கு.

அந்தப் பத்தாவது விதியைப் பற்றி மட்டும் அப்பா ஒரு முறை பேசினார்.

“பழைய ஆபீஸ் ஆள்க மாசத்துக்கு ஒரு தடவ கூடுவோம்லா, அங்கன சொல்லலாம்னு பாக்கேன்.”

“எதுக்குப்பா? எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிச்சிட்டுப் போறான். ஏழு தப்பு இருந்துச்சு அதுல. நான் சரி பண்ணிக் குடுத்துட்டேன். இனிமே எவனுக்கு அனுப்பினாலும் என் மெமோவத்தான் அனுப்புவான். தப்பே இருக்காது. வாங்குதவன் எத வச்சுக் கண்டுபிடிப்பான்?”

நான் அதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். ஆனாலும், “விடுங்கப்பா, நம்ம வேலையப் பாப்போம்” என்று முடித்துவிட்டேன். அதோடு அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“துண்டு காயப்போட்டிருக்கேன்” என்றாள்.

“கேமரா மேலயாம்மா?”

“ஆமா. அங்கனதான் வெயில் வருது.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: “அந்தப் பய ரெண்டு நாளுதான் உக்கார வச்சிருந்தான். நீ வருசக் கணக்கா வச்சிருவ போலுக்கே.”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது. விதிகள் ஒட்டிய இடமாவது ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டு, அம்மாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. தாள் ஓரத்தில் மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பென்சில் கோடுகள் இருந்தன. நான்காவது விதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. அடியில், ‘அய்யா பார்வைக்கு’ என்பது போல ஏதோ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. நான் அப்பாவுக்கு அதிகாரி ஆகிவிட்டிருந்தேன்.

5

போன செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டில் விடுப்பில் இருந்தேன். தெரியாத எண்.

“அம்மா, என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இது புது எண். பழையதை அழித்துவிடு. நீ எப்படி இருக்கிறாய்?”

ஜெர்மன் மொழியில் இருந்தது. என் மகன் அகிலுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவன். என்னோடு பேசும்போது பாதித் தமிழ், எழுதும்போது முழுக்க ஜெர்மன். சின்ன வயதில் தூத்துக்குடிக்குப் போனால், தாத்தாவோடு துறைமுகச் சாலையில் நின்று கண்டெய்னர்களின் நிறத்தைத் தமிழில் எண்ணிக்கொண்டிருப்பான். இப்போது தாத்தாவிடம் அவன் பேசுவது “நல்லா இருக்கேன், சாப்ட்டேன், பை” என்பதோடு முடிந்துவிடும். அவன் தமிழில் எழுதுகிறவனாக இருந்தால் அந்தச் செய்தியை அங்கேயே பிடித்திருப்பேன்.

அதுகூடக் காரணமில்லை. ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்ற கடைசி வரிதான். இரண்டு வருடமாக என் மகன் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சமையலறையில் நின்றபடி, கை துடைக்கும் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதில் எழுதினேன். நன்றாக இருக்கிறேன் கண்ணா, நீ நனைந்துவிட்டாயா, சாப்பிட்டாயா என்று. உடனே பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் பொறுமையாக, அன்பாகப் பதில். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

நான்காவது செய்தியில், புதுப் போனுக்கு உடனே பணம் கட்டவேண்டும், என் வங்கிச் செயலி பழைய போனில் மாட்டிக்கொண்டது, நீ அனுப்ப முடியுமா என்று கேட்டது. ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தவள் நான். என் செயலியைத் திறந்தேன். பெயரை உள்ளிட்டேன். எண்ணை உள்ளிட்டேன். உறுதி செய்யும் பொத்தான் ஒன்றுதான் மிச்சம்.

வாசல் கதவு திறந்தது. அகில் உள்ளே வந்து, பையை நடுவழியில் போட்டுவிட்டு, “அம்மா, சாப்பிட என்ன இருக்கு?” என்றான். கையில் அவன் பழைய போன்.

என் புத்தியால் நான் தப்பவில்லை. அன்றைக்குக் கடைசி வகுப்பு இல்லாததால் தப்பினேன்.

அவனுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவன் அறைக்குள் போனதும் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தேன். காவல்துறைக்குக் காட்ட வைத்திருக்கவேண்டும் என்பது என்னுடைய ஏழாவது விதி. அழித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கணவர் வந்து, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். “தலைவலி” என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான், “நல்லா இருக்கோம்ளா” என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு வருடம் தாமதமாக.

6

மறுநாள் மதியம் கூப்பிட்டேன். முதல் மணியில் எடுத்தார்.

“சொல்லுளா. இன்னைக்கு யாரும் கூப்பிடல. லிங்க்…”

“அப்பா, நான் மாட்டிக்கிட்டேன்.”

“என்னது?”

சொன்னேன். செய்தி வந்தது, பதில் எழுதியது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதும் மயங்கியது, பொத்தான்வரை போனது, கணவரிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும். அப்பா தொண்டையைச் செருமினார்.

“மெமோ எதுவும் அனுப்புனானா?”

“இல்லப்பா. வெறும் மெசேஜ்தான்.”

“ஒரு பேப்பர்கூட இல்லாமயாளா நம்புன? எனக்காவது அவன் ஒரு மெமோ குடுத்தான்.”

பின்னால் அம்மா சிரித்துவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அப்பாவும் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நானும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

“நேத்தே எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“திட்டுவீங்கன்னுதான்.”

“நான் என்னைக்குளா உன்னத் திட்டுனேன்?”

உண்மை. அவர் திட்டியதில்லை. யார் யாரைத் திட்டினார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா அதைச் சொல்லவில்லை. “சரி, ரொட்டியத் தின்னு. அந்த நம்பரப் போலீசுக்குக் குடுத்தியா?” என்றார். இல்லை என்றேன். “குடு. அழிச்சிட்டா என்ன, நம்பர் உன் போன்ல எங்கயாவது கெடக்கும். அகில்ட்டக் கேளு, எடுத்துக் குடுப்பான்” என்றார்.

வைப்பதற்கு முன்னால் கேட்டேன்: “அப்பா, அந்தப் பத்து விதி இருக்குல்லா, அது சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதீயளா?”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார், ஆபீசில் இருந்த காலத்துக் குரலில்.

அன்று சாயங்காலம் அகிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, “நான் அப்படிக் கேட்டா உனக்கு அவ்வளவு ஆச்சரியமா?” என்றான், அவனுடைய உடைந்த தமிழில். “ஆமா” என்றேன். கணவரிடமும் சொன்னேன். அவர் திட்டினார், கொஞ்சமாக.

வெள்ளிக்கிழமை அம்மாவின் எண்ணிலிருந்து படம் வந்தது. சுவரிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்து எடுத்த படம். தாள் முழுவதும் சிவப்பு மை. தெரியாத எண்ணை எடுக்கக்கூடாது என்பதை அடித்து, ‘நடைமுறைக்கு ஒவ்வாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது’ என்று எழுதியிருந்தார். நான்காவதில் ‘என்னிடம் கேட்காமல்’ என்பதை அடித்து ‘என்னிடம் சொல்லிவிட்டு’ என்று மாற்றியிருந்தார். பத்தாவது விதியின் மேல் குறுக்கே இரண்டு கோடு. பக்கத்தில், ‘நீக்கம். ஞாயிறு அன்று ஆபீஸ் கூட்டத்தில் முழு விவரம் தெரிவிக்கப்படும். ஏழு பிழைகளும் திருத்தங்களும் பிரதி எடுத்து வழங்கப்படும்.’

கீழே புதிதாக ஒன்று: ‘11. எது வந்தாலும் அன்றே மற்றவருக்குச் சொல்லவேண்டும். சொன்னவரைக் கேட்டவர் அன்றைக்குத் திட்டக்கூடாது. இது இரு தரப்புக்கும் பொருந்தும்.’

அதற்கும் கீழே: ‘சுத்தப் பிரதி எடுத்து அனுப்பு.’

‘அய்யா பார்வைக்கு’ எங்கும் இல்லை.

எடுத்தேன். ஒரு பிரதி அங்கே, ஒன்று இங்கே எங்கள் குளிர்பதனப் பெட்டியின் மேல். கேமராவை எடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன். “துண்டு காயட்டும், எடுக்கேன்” என்றாள்.

இன்று காலை, ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அப்பா. மதியம் இல்லை, என் வேலை நேரம். ஒரு வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினேன்.

“என்னப்பா? என்ன ஆச்சு?”

“ஒன்னும் ஆகல. ஏன் இப்படி மூச்சு வாங்குத? கரண்டு பில் கட்டல, ராத்திரிக்குள்ள கட் பண்ணிருவேன்னு ஒருத்தன் மெசேஜ் போட்டிருக்கான். பொய்தான், எனக்குத் தெரியும். நாலு தப்பு இருக்கு.”

“பின்ன?”

“பின்ன என்ன, பதினொன்னாவது விதி. சொல்லணும்லா, அதான் சொல்லுதேன்” என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, “திருத்திக் குடுக்கலளா. அப்படியே வச்சிருக்கேன்” என்றார்.